தை மாசம் வந்து வெட்டுங்க

ஓடைத்தெரு, ஆரணி
2-7-1978

எம்.எல்.ஏ. மச்சான் மாணிக்கவேலுக்கு, மூன்றாம் வகுப்பை மூன்று வருஷம் படித்த உன் அக்கா புருஷன் அருணகிரி எழுதுவது. இங்கே நான், உன் அக்கா கமலம், தறி, மூன்று பேரும் சுகம். உன் சுகத்தைப் பேப்பரில் பார்த்துக்கொள்கிறோம்.

போன வாரம் பேப்பரில் மந்திரிக்குப் பின்னால் ஒரு காது தெரிந்தது. அது என் தம்பி காதுதான் என்று உன் அக்கா தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தாள். அடுத்த தடவை மூக்கையாவது காட்டு.

விஷயத்துக்கு வருகிறேன். நம் லீலாவுக்கு ஐந்தாம் மாதம். கார்த்திகையில் பிரசவம் என்கிறார்கள். நம் பேட்டை பிரசவ ஆஸ்பத்திரியில் லேடி டாக்டருக்கு நாற்காலி இருக்கிறது, டாக்டர்தான் இல்லை. நாற்காலியில் ஒரு பூனை உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களை எல்லாம் பார்க்கிறது, மருந்து மட்டும் எழுதித் தருவதில்லை. நர்ஸ் தனகோடி அம்மா ஒருத்தியே எல்லாம் பார்க்கிறாள். ஓட்டுக் கேட்க வந்தபோது நீ என்ன சொன்னாய்? "ஆஸ்பத்திரிக்கு டாக்டர், ஓடைத்தெருவுக்குக் கால்வா, இது ரெண்டும் செய்யாம உன் வூட்டுல கை நனைக்க மாட்டேன்க்கா" என்றாய். அப்புறம் வந்து வந்து நனைத்துக்கொண்டுதான் இருக்கிறாய். கருவாட்டுக் குழம்பு வைத்தால் உனக்கு வாக்குறுதி மறந்துவிடும்.

மாப்பிள்ளை பழனி வேலூரிலேயே வைத்துக்கொள்கிறேன் என்கிறார். "பெரிய ஆஸ்பத்திரி கூப்புடு தூரத்துல கீது மாமா, எதுக்கு அலைச்சல்" என்கிறார். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று உன் அக்கா நிற்கிறாள். நடுவில் நான் தறி நாடா மாதிரி இங்கும் அங்கும் ஓடுகிறேன். லீலாவுக்கு நீதான் தாய்மாமன், அதோடு எம்.எல்.ஏ. வேறு. நீ சொல்கிறபடி செய்கிறோம்.

உன் காதைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள் உன் அக்கா.

அருணகிரி

•

சட்டமன்ற உறுப்பினர் விடுதி, சென்னை
15-7-1978

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் படித்துச் சிரித்ததில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் நலம். அக்காவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

நேற்று சபையில் பேட்டை ஆஸ்பத்திரி பற்றிக் கேள்வி எழுப்பினேன். ஐப்பசிக்குள் பெண் மருத்துவர் நியமிக்கப்படுவார் என்று மந்திரி எல்லார் முன்னாலும் உறுதி கொடுத்திருக்கிறார். சபைக் குறிப்பில் ஏறிவிட்ட வார்த்தை, மாறாது.

அதனால் லீலாவை நம் ஊருக்கே அழைத்து வாருங்கள். இதை நான் தாய்மாமனாக மட்டும் சொல்லவில்லை. என் வீட்டுப் பெண்ணே வேலூருக்குப் போனால், இந்த ஆஸ்பத்திரியை நம்பி வாருங்கள் என்று ஊரில் யாரைக் கூப்பிடுவேன்? எதிர்க்கட்சிக்காரன் மேடை போட்டுச் சிரிப்பான். மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இன்னொரு நல்ல செய்தி. ஓடைத்தெரு மழைநீர்க் கால்வாய்க்கு உத்தரவு வாங்கிவிட்டேன். தெரு நடுவே வெட்டி ஆற்றுக்குக் கொண்டுபோகிறார்கள். ஆடியில் வேலை ஆரம்பம். இனி மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்காது. அப்போதாவது கருவாட்டுக் குழம்பில் எனக்குப் பாத்தியதை உண்டல்லவா?

அக்காவுக்கு என் வணக்கம்.

மாணிக்கவேல்

•

ஓடைத்தெரு, ஆரணி
6-8-1978

மச்சானுக்கு அருணகிரி எழுதுவது. வீட்டில் எல்லாரும் சௌக்கியம். உன் அக்காவின் முட்டி, நீ விசாரித்தாய் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் வலிக்கிறதாம்.

உன் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். திருப்பி அனுப்பிவிட்டோம். கோபித்துக்கொள்ளாதே, முழுதும் படி.

தெரு நடுவே வெட்டினால் நாங்கள் பாவு எங்கே நீட்டுவது? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் முளை அடித்து, இழையைக் கட்டி இழுத்து, ஒட்டிக்கொண்டதைப் பிரித்துச் சுருட்டினால்தானே அது தறிக்கு ஏறும்? நீ பிறந்ததும் இந்தத் தெருவில்தான், மறந்திருக்க மாட்டாய். ஆவணி முகூர்த்தம் தலைமேல் நிற்கிறது, அதற்குப் பின்னாலேயே தீபாவளி. இப்போது பள்ளம் தோண்டிப் போட்டால் தெரு மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

அந்தக் கான்ட்ராக்டர், "எம்.எல்.ஏ. உத்தரவுங்க" என்று காகிதத்தை நீட்டினான். "எம்.எல்.ஏ. எங்க ஊட்டுப் புள்ளதான், நாங்க சொல்லிக்கிறோம். தை மாசம் வந்து வெட்டுங்க" என்றேன். எதிர் வீட்டு முனியம்மாள் இருக்கிறாளே, அவள் கடப்பாரைமேலேயே உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் எல்லாருக்கும் மோர் கொடுத்து அனுப்பினோம்.

உன்னை யாரும் திட்டவில்லை. கடப்பாரையை மட்டும்தான் திட்டினோம். இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. ஆனால் கால்வாயும் போய்விடக்கூடாது. உன் அக்கா அதை இரண்டு தடவை எழுதச் சொன்னாள். கால்வாயும் போய்விடக்கூடாது.

அருணகிரி

•

சென்னை
19-8-1978

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் பதில் போடுங்கள்.

இன்ஜினியர் வருத்தப்பட்டார். மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்றுதான் அவசரப்படுத்தினாராம். தெரு பள்ளமாக இருக்கிறது, இந்த வருஷம் பெரிய மழை பெய்தால் பொறுப்பு என்னுடையதல்ல என்றார். நான்தான் சமாதானம் சொன்னேன். தெரு முழுக்க நம் ஓட்டு. வேண்டாம் என்று நிற்பவர்கள் வீட்டு வாசலில் நான் எப்படி மண்வெட்டியை இறக்குவேன்? தை மாதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

லீலாவுக்கு வளைகாப்பு எப்போது? கண்டிப்பாக வருகிறேன்.

மாணிக்கவேல்

•

ஓடைத்தெரு, ஆரணி
24-9-1978

மச்சானுக்கு அருணகிரி. இந்த வீட்டின் சுகத்தை நீயே வந்து பார்த்துவிட்டுப் போனாய், ஆனாலும் எழுதுவது முறை. சுகம்.

வளைகாப்புக்கு வந்தாய், சந்தோஷம். ஜீப்பை விட்டு இறங்கினாய், ஒரு வளையல் போட்டாய், அதற்குள் போளூரில் கூட்டம் என்று யாரோ வந்து உன் காதைக் கடித்தான், போய்விட்டாய். நீ விட்டுப்போன மாலையை ஆடு தின்றது. அன்றிலிருந்து அது யாரைப் பார்த்தாலும் தலையை ஆட்டுகிறது. அடுத்த எலெக்‌ஷனுக்கு நிற்கும்போலிருக்கிறது.

லீலா இங்கேயே இருக்கிறாள். பழனி விட்டுப் போக மனமில்லாமல் பஸ்ஸைத் தவறவிட்டுத் தவறவிட்டுத்தான் போனார். இவள் நாள் முழுக்க என் தறிப்பக்கம் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மாங்காய் தின்கிறாள். "உள்ள கீறது பொண்ணுப்பா, நாடா சத்தம் கேட்டா உதைக்கிறா" என்கிறாள். நான் வேண்டுமென்றே ஓங்கி அடிக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் புதுப் பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள். பூனைக்கு அதனால் ஒன்றும் மாற்றமில்லை. "மாமாதான் சொல்லிட்டாரே, வருவாங்க" என்று லீலா எங்களுக்குத் தைரியம் சொல்கிறாள். நேற்று முதல் மழை. கணுக்கால் அளவுக்குத் தெருவில் நின்று, வடிய மனசில்லாமல் வடிந்தது.

டாக்டர் எப்போது மச்சான்?

அருணகிரி

•

சென்னை
25-10-1978

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோருக்கும் முன்கூட்டியே தீபாவளி வாழ்த்துகள். நான் நலம். லீலா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

பெண் மருத்துவருக்கான உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது. என் கண்ணால் பார்த்தேன். அந்த அம்மாள் சொந்த வேலையாகக் கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறாராம், நவம்பர் நடுவில் வந்து சேர்ந்துவிடுவார். பிரசவத்துக்குள் நாள் இருக்கிறது. லீலாவிடம் சொல்லுங்கள், அவளுக்காகவே ஒரு டாக்டரை அனுப்புகிறான் மாமன் என்று.

மாணிக்கவேல்

•

ஓடைத்தெரு, ஆரணி
7-11-1978

மச்சானுக்கு அருணகிரி எழுதுவது. தறியைத் தவிர எல்லாரும் சுகம். தறிக்குழியில் முட்டி அளவுக்குத் தண்ணீர். இரண்டு தவளை இறங்கி மிதி பழகுகின்றன. கூலி கேட்காதவரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

விடாமல் பெய்கிறது. தெருத் தண்ணீர் போக வழியில்லாமல் வாசற்படி ஏறிவிட்டது. மேட்டுத்தெருவில் பாதையெல்லாம் காய்ந்து கிடக்கிறது, நாங்கள்தான் மீன் மாதிரி இருக்கிறோம்.

பழனி நேற்று வந்தார். தண்ணீரைப் பார்த்ததும் அவர் முகம் போய்விட்டது. "இப்பவே கூட்டிகினு போயிடறேன் மாமா. பஸ் ஓடும்போதே போயிடலாம்" என்றார். உன் அக்காவுக்கும் இப்போது மனசு ஆடுகிறது. நான்தான், உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது, தாய்மாமனுக்கு எழுதிக் கேட்காமல் அனுப்பினால் நாளைக்கு ஊரில் அவன் தலை குனியும் என்றேன். லீலாவும், "மாமாவக் கேட்டுட்டே செய்யலாம்" என்றாள். பழனி கடைசி பஸ்ஸுக்குப் போனார்.

டாக்டர் இன்னும் வரவில்லை. போகவா, இருக்கவா, ஒரே வரி எழுதிப் போடு. தமாஷ் பண்ணவில்லை. உன் வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டு இருக்கிறோம்.

அருணகிரி

•

சென்னை
20-11-1978

அன்புள்ள மாமாவுக்கு,

கட்சிச் சுற்றுப்பயணமாகத் தெற்கே போயிருந்தேன். இன்று காலைதான் விடுதிக்கு வந்து உங்கள் கடிதம் பார்த்தேன். கதவடியில் கிடந்தது.

லீலாவை உடனே வேலூருக்கு அனுப்பிவிடுங்கள். எனக்காக யோசிக்க வேண்டாம். ஊர்ப் பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை சொன்னதுதான் சரி. டாக்டர் வந்தாலும் வராவிட்டாலும் அனுப்பிவிடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள். அக்காவைப் பயப்படவேண்டாம் என்று சொல்லுங்கள்.

மாணிக்கவேல்

•

சென்னை
18-12-1978

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும்,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. குழந்தை பால் குடிக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள்.

லீலாவின் காரியத்துக்கு வந்தபோது என்னோடு கலெக்டர் ஆபீஸ் ஆட்களும் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். உங்களிடம் தனியாக இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. அக்கா உள்ளேயிருந்து வரவே இல்லை. கதவுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனேன். சென்னை திரும்பியதும் எழுதினேன், பதில் இல்லை. கடிதம் வழியில் தவறியிருக்கும்.

மாமா, ஜனவரிக் கடைசியில் சபை கூடுகிறது. இதைப் பேசாமல் விடமாட்டேன். அன்றைக்கு என்ன நடந்தது, ஆஸ்பத்திரியில் யார் இருந்தார்கள், எங்கே வண்டி நின்றது, எல்லாவற்றையும் நீங்கள் எழுதி அனுப்பினால்தான் நான் அவர்களை நிற்க வைத்துக் கேட்க முடியும். இன்னொரு வீட்டில் இது நடக்கக்கூடாது.

உங்களைக் கஷ்டப்படுத்துகிறேன் என்று தெரியும்.

மாணிக்கவேல்

•

ஓடைத்தெரு, ஆரணி
16-1-1979

மச்சானுக்கு அருணகிரி எழுதுவது. குழந்தை பால் குடிக்கிறது. முனியம்மாள் மருமகள் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு இதற்கும் கொடுக்கிறாள். மற்றவர்களும் இருக்கிறோம்.

உன் முந்தின கடிதம் தவறவில்லை. வந்தது. நான்தான் எழுதவில்லை. பொங்கலுக்குத் தெருவில் சத்தம் இல்லை, உட்கார்ந்து எழுதச் சௌகரியமாக இருந்தது. கேட்டாய், எழுதுகிறேன்.

நவம்பர் பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை விடியும்போது வலி எடுத்தது. நாள் கணக்குக்கு முந்தியே வந்துவிட்டது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், இழுவை வேறு. வண்டிமாடு இறங்க மாட்டேன் என்றது. லீலாவைக் கட்டிலில் படுக்கவைத்து நாலு பேர் தோளில் தூக்கினோம். கட்டில் சாய்ந்தது. கட்ட ஒன்றும் அகப்படவில்லை, எல்லாம் நனைந்து கிடந்தது. உன் அக்கா தறியண்டை போனாள். முதலாளி கொடுத்த பட்டில் ஐப்பசியில் தெருவில் நீட்டிச் சுருட்டின பாவு, பாதிச் சேலை நெய்து நின்றது. அரிவாள்மணையை எடுத்து அறுத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நம் தெருவில் யாரும் அப்படி அறுத்து நான் பார்த்ததில்லை. அந்தப் பட்டுத் துணியை வைத்துத்தான் கட்டிலோடு அவளைக் கட்டினோம். "மொதலாளி உன்னச் சும்மா வுட மாட்டாருப்பா" என்று லீலா சிரித்தாள். வலியிலும் சிரித்தாள். எங்கிருந்து வந்த பழக்கமோ.

மேட்டுத்தெரு ஏற ரொம்ப நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் தனகோடி அம்மா மட்டும்தான். அந்த அம்மாள்மேல் சபையில் ஒன்றும் சொல்லாதே. கையெடுத்துக் கும்பிட வேண்டியவள். குழந்தை பிறந்தது, அழுதது. அப்புறம் ரத்தம் நிற்கவில்லை. "என்னால ஆவாது, டாக்டர் கையில குடுங்க, வேலூருக்கு ஓடுங்க" என்று அந்த அம்மாள் அழுதுகொண்டே ஏதோ ஊசி போட்டாள்.

அரிசி மண்டி வேனில் போனோம். வேலூர் ரோட்டுத் தரைப்பாலத்தில் நிறுத்திவிட்டோம். பாலம் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. அந்தப் பக்கக் கரையில் ஒரு டாக்சி. பக்கத்தில் பழனி. அவர் முந்தின நாளே மனசு கேட்காமல் கிளம்பி, வழியில் மாட்டிக்கொண்டு, டாக்சி பிடித்து அங்கே வந்து நின்றிருக்கிறார். துண்டை ஆட்டினார். இறங்கப் பார்த்தார், பிடித்துக்கொண்டார்கள். நான் லீலாவைத் தூக்கி உட்காரவைத்துக் காட்டினேன். "அதோ வந்துட்டாரும்மா" என்றேன். பார்த்தாள். மத்தியானம் வரைக்கும் தண்ணீர் குறையவில்லை. அவள் அதற்கு முன்னாடியே போய்விட்டாள். அந்தக் கரையில் அவருக்கு அது எப்போது தெரிந்தது என்று நான் இன்னும் கேட்கவில்லை.

உன் இருபதாம் தேதிக் கடிதம் வெள்ளம் வடிந்து தபால் ஆபீஸ் திறந்த பிறகு வந்தது. வேலூருக்கு அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். உன் அக்காவுக்குப் படித்துக் காட்டவில்லை.

சபையில் இவ்வளவும் சொல்ல வேண்டியதில்லை. வேண்டியதை மட்டும் சொல்.

அருணகிரி

•

சென்னை
12-2-1979

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சுகம் என்று எழுதாவிட்டாலும் நான் கேட்கத்தான் வேண்டும். அக்கா சாப்பிடுகிறாளா?

பேசினேன். பேசி முடித்தபோது எதிர் வரிசைக்காரர்களும் எழுந்து வந்து கையைப் பிடித்தார்கள். பேப்பரில் முழுப் பேச்சும் வந்திருக்கிறது, அனுப்பியிருக்கிறேன். அன்று மாலையே மந்திரி கூப்பிட்டார். டாக்டர் இந்த வாரம் சேருகிறார். தரைப்பாலத்தை உயர்த்த உத்தரவு. பேட்டை ஆஸ்பத்திரிக்குப் பத்துப் படுக்கையோடு புதுப் பிரசவ வார்டு. அதற்கு 'லீலா வார்டு' என்று பேர் வைக்கலாம் என்று நான் சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

சித்திரையில் அடிக்கல். அக்கா வந்து குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். என்மேல் கோபமாக இருக்கிறாளா மாமா? நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

மாணிக்கவேல்

•

ஓடைத்தெரு, ஆரணி
11-3-1979

மச்சானுக்கு அருணகிரி எழுதுவது. உன் அக்கா சாப்பிடுகிறாள். குழந்தை குப்புற விழப் பார்க்கிறது. ஆடு உன் பேச்சு வந்த பேப்பரைத் தின்றுவிட்டது. நான் அதற்கு முன்னாடியே படித்துவிட்டேன். நல்ல பேச்சு. காது, மூக்கு, எல்லாம் தெரிகிற மாதிரி போட்டோ போட்டிருக்கிறார்கள்.

லேடி டாக்டர் வந்துவிட்டார்கள். சின்ன வயசுதான், லீலாவைவிட நாலைந்து வருஷம் கூட இருக்கும். குழந்தைக்குச் சளி என்று கொண்டுபோனோம். மருந்து கொடுத்துவிட்டு, "அம்மா வர்லியா?" என்று கேட்டார்கள். பாவம், அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வேலையாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

கான்ட்ராக்டர் தை மாசம் சொன்னபடி கடப்பாரையோடு வந்தான். தெருக்கோடியில் நின்றுகொண்டு, வெட்டலாமா என்று என் முகத்தைப் பார்த்தான். முனியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்டிவிட்டார்கள். ஆழமாகத்தான் வெட்டியிருக்கிறார்கள், தண்ணீர் போகும். பாவு நீட்ட இப்போது ஏரிக்கரைக்குப் போகிறோம். நடக்க வேண்டியிருக்கிறது. மற்றபடி ஒன்றும் குறையில்லை. முதலிலேயே போயிருக்கலாம்.

வார்டுக்கு லீலா பேர் வேண்டாம். நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். இடுப்பு வலியோடு வருகிற பெண், வாசலில் அண்ணாந்து பார்த்து, இது யாரு பேரு என்று பக்கத்தில் கேட்பாள். யாராவது சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு ஒருத்தியும் உள்ளே போகவேண்டாம். வேறு ஏதாவது பேர் வை. உன் பேரே வைத்துக்கொள், பூனைகூட ஆட்சேபிக்காது. விளக்கு ஏற்றவும் உன் அக்கா வரமாட்டாள். அதற்கு மந்திரி வீட்டு அம்மா யாராவது கிடைப்பார்கள்.

கோபமா என்று கேட்டாய். அதை என்னிடம் கேட்காதே.

வைகாசியில் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். பழனி வருகிறார். லீலாவுக்குக் கூடப்பிறந்தவன் யாரும் இல்லை. குழந்தையை யார் மடியில் உட்காரவைப்பது என்று உன் அக்காவைக் கேட்டேன். தூக்குச்சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் வேறு யார் பேரும் சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தால் பரணிலிருந்து கருவாட்டுப் பானையை இறக்கி வெயிலில் வைத்திருக்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஜீப்பில் வராதே, பஸ்ஸில் வா. கட்சித் துண்டு போடாமல் வா. குழந்தை மடியில் ஒன்றுக்குப் போகும்.

வருவதாக இருந்தால் நேராக வந்துவிடு. வருகிறேன் என்று எழுதிப் போடாதே. இந்த வீட்டில் இனிமேல் யாரும் கடிதத்துக்குக் காத்திருக்க மாட்டோம்.

அருணகிரி